கையும் கோட்டமும்

தமிழ்ப் புனைகதையில் சைக்கிளுக்கு இடம் உண்டு. சைக்கிள் கடையில் வேலை செய்கிறவனுக்கு இல்லை. ஓட்டக் கற்றது, விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது, பெண்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனது, கடனுக்காக அப்பாவின் சைக்கிள் விலை போனது என்று எல்லாமே ஏறிப்போகிறவனின் அனுபவமாகத்தான் எழுதப்படுகின்றன. கடைக்காரன் ஒரு நிமிஷம் தலைகாட்டி, பஞ்சர் ஒட்டி, காசு வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறான். கதாநாயகன் மேலே போகிறான். கதையும் அவன் பின்னால் போகிறது. இது தற்செயலான விடுபடல் அல்ல, உழைப்பைப் பற்றி நம் இலக்கியம் வைத்திருக்கும் பார்வையின் ஆதாரமான குறையே இதில் வெளிப்படுகிறது என்பது என் கட்சி.

உழைப்பாளி நமக்கு இரண்டு விதமாகத்தான் கிடைத்திருக்கிறான். முற்போக்காளரிடம் அவன் ஒரு வர்க்கத்தின் பிரதிநிதி. அவன் வாங்கும் கூலியும் வாங்காத கூலியும் கணக்கில் வரும். இலக்கியத்தின் சுத்தத்தைக் காக்கிறவர்களிடம் அவன் ஒரு தனிமை. அவனுடைய மௌனமும் பீடிப்புகையும் வர்ணிக்கப்படும். காலையில் கடை திறந்து ராத்திரி மூடும்வரை அந்த மனிதன் கையால் என்ன செய்கிறான், அந்தச் செய்கை அவன் புத்தியை எப்படி உருவாக்குகிறது என்பதை இரு தரப்பாரும் பார்ப்பதில்லை. பசியைப் பற்றி நமக்குச் சொல்லத் தெரியும். கையைப் பற்றிச் சொல்லத் தெரியாது.

இதைப் பரிசீலிக்கத் தோதான இடம் சிவகாசிச் சுற்றுவட்டாரம். மேற்கே ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மலையடி ஊர்கள். தென்மேற்குப் பருவமழையை மலை தடுத்துவிடுவதால் கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் வெயில்தான் மிச்சம். இந்தக் காய்ந்த சீதோஷ்ணம்தான் தீக்குச்சி உலர்வதற்கும் மருந்து உலர்வதற்கும் வசதியாயிற்று. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊரில் கால் ஊன்ற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே வறட்சியில் செழித்த இன்னொன்று சீமைக்கருவேல். கரிசல் பாதைகளில் அதன் முள் டயரைத் துளைத்து ட்யூபில் இறங்கும். ஆகவே தீப்பெட்டி ஆபீஸுக்கும் பஞ்சர் கடைக்கும் பிழைப்பைக் கொடுத்தது ஒரே வெயில்தான்.

ஆனால் இரண்டு வேலைகளும் ஒரு ஜாதி அல்ல. சிவகாசியின் பேர்பெற்ற தொழில்கள் மூன்று: தீப்பெட்டி, பட்டாசு, அச்சு. குச்சி எரிந்துபோகும். வெடி வெடித்துப்போகும். காலண்டரில் தினம் ஒரு தாள் கிழிபடும். மூன்றிலும் பொருள் வெளியூருக்குப் போகிறது, அழிகிறது. செய்த கைக்கு அது திரும்புவதில்லை. தான் உருட்டிய வெடி எந்த ஊரில், யார் வாசலில் வெடித்தது என்று செய்தவளுக்குத் தெரியாது. அதே தெருவில் இருக்கும் சைக்கிள் கடையில் எதுவும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. செய்த பொருள் தேய்ந்து, கோணி, ஓட்டையாகித் திரும்பி வருகிறது. போன மாசம் போட்ட ஒட்டு பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்று ஒட்டியவனே பார்க்க நேர்கிறது. தன் வேலையின் விளைவைத் தானே பார்த்தாக வேண்டிய நிர்ப்பந்தம் சைக்கிள் கடைக்காரனுக்கு உண்டு. நம்மில் பல எழுத்தாளர்களுக்கு இல்லாத நிர்ப்பந்தம் அது.

சிவகாசியைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளில் பெரும்பாலானவற்றை ஒரே உருவகத்தில் அடக்கிவிடலாம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் தரும் குழந்தையின் வாழ்வில் இருட்டு, அவ்வளவே. இந்த முரணை உண்டாக்க யாரும் சிவகாசிக்குப் போக வேண்டியதில்லை. அகராதியில் ஒளிக்கு எதிர்ச்சொல் தெரிந்தால் போதும். குழந்தை அங்கே கட்டை அடுக்குகிறது. சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக, ஒன்றை ஒன்று தொடாமல், மருந்தில் முக்குவதற்கு ஏற்ப வரிசை வைக்கிறது. அடுக்கிய கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு வயதில் அடுக்கியதையே பதினெட்டு வயதிலும் அடுக்கலாம். விரல் வேகம் கூடுமே தவிர வேலை வளராது. கொடுமையின் உள்ளமைப்பு இது. வெளிச்சம், இருட்டு என்று பேசுகிற கவிதை இதைத் தொடவே இல்லை. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற விவரணப்படமும், பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' என்ற படமும் கவிஞர்களைவிடக் கிட்டத்தில் போயின. அந்தக் குழந்தைகளுக்கு வேலை என்ற ஒன்று ஸ்தூலமாக இருப்பதை அவை அறிந்திருந்தன.

சைக்கிளுக்கு வருவோம். உலக சினிமாவில் சைக்கிள் என்றதும் நினைவுக்கு வருவது டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948). திருட்டுப்போன சைக்கிளைத் தேடி ரோமாபுரியின் சந்தைக்குப் போகிறார்கள். சைக்கிள் அங்கே முழுசாகக் கிடைக்காது. டயராக, சட்டமாக, மணியாக, பம்பாகப் பிரிந்து கிடக்கும். ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொண்டு தேடுகிறார்கள். ஒருவன் ஒரு சட்டத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். உடனே சந்தேகம். போலீஸ் வருகிறது, நம்பரைப் பார்க்கிறார்கள், பொருந்தவில்லை. படத்தில் சைக்கிள் தொழிலாளி நம் கண்ணில் படும் முக்கியமான இடம் இது. அவன் சந்தேகத்துக்குரியவனாகத்தான் படுகிறான். பறிகொடுத்தவனின் கண்ணால் பார்க்கும்போது பழுது பார்க்கும் கை திருடன் கையாகத்தான் தெரியும். டி சிக்கா இதை அறிந்தே செய்திருக்கிறார். இழப்பு மனிதனை எவ்வளவு குறுக்கிவிடுகிறது என்பதே அவருடைய விஷயம். அவரைக் கண்டு உருகிய நாம் அந்தக் குறுகலைப் பார்க்கவில்லை. உருக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டோம்.

ராசி அழகப்பனின் 'சைக்கிள்' கதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்த 'குரங்கு பெடல்' 2024இல் வந்தது. வாடகைச் சைக்கிள் கடையும், மிலிட்டரி என்று அழைக்கப்படும் கடைக்காரரும் அதில் ஒதுக்கப்படாமல் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் சைக்கிள் விடுவது ஒரு சமூக உறவு என்பது அந்தப் படத்துக்குத் தெரிகிறது. பையனின் முகமும் அவன் அப்பா பேரும்தான் அங்கே ஜாமீன். ஆனாலும் பாரத்துக்குக் கீழே காலை நுழைத்து மிதிக்கும் பையனின் ஆசைதான் படத்தின் அச்சு. கடைக்காரர் வாடகைக்கு விடுகிறவராக, பயமுறுத்துகிறவராக, இரக்கம் காட்டுகிறவராக வருகிறார். வேலை செய்கிறவராகக் கதையை அவர் நகர்த்துவதில்லை.

அந்த வேலைதான் என்ன? கோட்டம் எடுப்பதை மாத்திரம் பார்ப்போம். சக்கரத்தைக் கழற்றி, தலைகீழாக நட்டு வைத்த ஃபோர்க்கில் மாட்டிச் சுழலவிடுகிறான். ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிக்கிறான். எங்கே கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். நம் ஊர்ப் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பாதி இந்தப் பக்கம் இழுக்கும், பாதி அந்தப் பக்கம். ரிம் வலப்புறம் ஒதுங்கியிருந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். ஒரு கம்பியைத் தொட்டால் மற்றதெல்லாம் கொஞ்சம் இடம் மாறும். கம்பியைச் சுண்டி, சப்தத்தைக் கேட்டு இறுக்கம் அறிகிறவர்கள் உண்டு. பல எதிர்விசைகளைச் சமன் செய்வதால் மாத்திரமே நிற்கும் ஒரு வட்டம் அது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்தது இந்த வேலையில் தினசரி நடைமுறை.

இதே சாதனத்தைக் கலைச் சரித்திரம் அறியும். மார்ஸெல் துஷாம்ப் 1913இல் ஒரு சமையலறை ஸ்டூலின்மேல் ஃபோர்க்கைத் தலைகீழாக நட்டுச் சைக்கிள் சக்கரத்தை மாட்டினார். அது சுழல்வதைப் பார்ப்பது கணப்பில் ஆடும் தீயைப் பார்ப்பதுபோல் சந்தோஷம் தந்தது என்று பிற்பாடு சொன்னார். பார்வைக்கு அது பழுது பார்ப்பவனின் ஸ்டாண்டுதான். வித்தியாசம் ஒன்றே: துஷாம்புக்குச் சக்கரம் சுழன்றால் போதும், கடைக்காரனுக்கு அது நேராகச் சுழல வேண்டும். துஷாம்ப் பொருளிலிருந்து உபயோகத்தைப் பிரித்து நம்மைப் பார்க்க வைத்தார். அவருடைய சூழலில் அதற்கு ஒரு கலக மதிப்பு இருந்தது. அவர் வழியில் போனதாக நினைத்துக்கொண்ட நம் நவீனர்கள் உபயோகத்தை மாத்திரமல்ல, கையையும் பிரித்துவிட்டார்கள். மிஞ்சியது படிமம். கையில் கிரீஸ் படாத படிமம்.

தமிழில் இது முடியாத காரியமா? முடியும் என்பதற்குப் பூமணியின் 'பிறகு' (1979) சாட்சி. அழகிரி செருப்புத் தைக்கிறவன், கமலைக்குக் கூனை தைக்கிறவன். கிராமத்தின் தண்ணீர் அவன் போட்ட தையலின் வழியாகத்தான் வயலுக்குப் போகிறது. அந்தக் கையை ஊர் தீண்டத்தகாததாகவே வைத்திருக்கிறது. இந்த முரணைப் பூமணி உருவகமாக்கி ஊதவில்லை. வேலையை வேலையாக எழுதியதாலேயே அது தெரிகிறது. சைக்கிள் கடைக்கு இன்னும் ஓர் அழகிரி வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. கையின் நேர்த்தியைக் கொண்டாடுவது பையனின் குழந்தைப் பருவத்தை மறைத்துவிடாதா? கடை அண்ணாச்சியின் கை பத்து வயதில் பழகிய கை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன் காற்றடிப்பதில் தொடங்குவான். அப்புறம் தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக் குமிழி பார்ப்பான். அப்புறம் பால்ரஸ் குண்டு கழுவுவான். வருஷங்கள் கழித்தே கோட்டம் எடுக்க விடுவார்கள். அதுவரைக்கும் சம்பளம் என்ற பேச்சே இல்லாமல், டீயும் சாப்பாடும் தீபாவளிக்குத் துணியும்தான் என்பது பல கடைகளில் வழக்கமாக இருந்தது. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியையும் பட்டாசையும் அட்டவணையில் சேர்த்துத் தடைசெய்தது; சைக்கிள் கடை அந்த அட்டவணையில் இல்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மீட்கப்பட்ட பையன் மறுநாள் சைக்கிள் கடையில் நின்றால் வேலைநேரத்தை வரையறுப்பதோடு சட்டம் ஒதுங்கிக்கொண்டது. 14 வயதுக்குட்பட்டவர்களை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது 2016ஆம் வருஷத் திருத்தம்தான். அதிலும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

இரண்டு பையன்களும் இழந்தது ஒரே பள்ளிக்கூடம். சட்டத்துக்கு அது போதும்; போதவும் வேண்டும். இலக்கியத்துக்கு மேற்கொண்டு ஒரு கடமை உண்டு. கட்டை அடுக்கிய பையனுக்கு வேலை எதையும் கற்றுத் தரவில்லை, சைக்கிள் கடைப் பையனுக்கு ஒரு வித்தையைத் தந்தது, அதற்கு விலையாகப் பிள்ளைப் பருவத்தை எடுத்துக்கொண்டது என்ற வேறுபாட்டை, எதையும் நியாயப்படுத்தாமல், எழுதிக் காட்ட வேண்டியது அந்தக் கடமை. வித்தையை மாத்திரம் எழுதினால் பொய். விலையை மாத்திரம் எழுதினால் அதுவும் பொய், ஏனென்றால் அந்த மனிதனுக்கு மிஞ்சிய ஒரே சொத்தையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். பரிதாபம் பல சமயங்களில் அவமரியாதையாக முடிவது இப்படித்தான்.

வாடகைச் சைக்கிள் போய்விட்டது. மொபெட் வந்தது, 2001க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. மணிக்கணக்கு நோட்டு மூடப்பட்டும் முள் குத்துவது நிற்கவில்லை, கடையும் சில தெருக்களில் நிற்கிறது. அது மறைந்தபின் ஏக்கத்தோடு எழுத நம்மிடம் ஆட்கள் நிறைய இருப்பார்கள். அதற்கு முன்னால் யாராவது எழுதட்டும். அடுத்து ஒரு கதையில் பஞ்சர் ஒட்டி முடிந்ததும், ஏறிப்போகிறவன் போகட்டும். கதை கொஞ்ச நேரம் கடையிலேயே நிற்கட்டும்.