வெண்மையை நம்பும் சலவை

கொச்சிக்கடையிலிருந்து வெள்ளவத்தை வரை, வீடொன்றை வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்ன முதியோர் இல்லங்களில் சலவை அநேகமாக ஒரே மாதிரித்தான். பின்வளவில் ஊறவைத்து, கிளோரின் ஊற்றி, கையாலோ மெசினிலோ துவைத்து, மேல்மாடிக் கொடியில் காயவிட்டு, அயன் பண்ணி மடிப்பார்கள். பழைய முறை என்று இதை ஒதுக்க முடியாது. நல்ல வெயிலும் முழுக்கக் காய்வதும் கிருமிகள் பலவற்றைக் குறைக்கும். பருத்தித் துணியில் ஓடும் சூடான அயன் மேலும் குறைக்கும். உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் அவித்த காலத்தில் காரமும் நீராவியும் சேர்ந்து செய்த வேலையை இன்றைய மெசின்கள் பல செய்வதில்லை.

என் முதல் குறையும் அதுதான். வெள்ளாவியின் சூடு போய்விட்டது. வெண்மை மட்டும் அளவுகோலாக நிற்கிறது. துணி 71 பாகை செல்சியஸில் 3 நிமிடமாவது, அல்லது 65 பாகையில் 10 நிமிடமாவது இருக்க வேண்டும் என்கிறது இங்கிலாந்துச் சுகாதாரத் துறையின் வழிகாட்டல். மேற்புறம் திறக்கும் நம் மெசின்களில் பெரும்பாலானவை குழாய்த் தண்ணீரை அப்படியே எடுப்பவை. 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறிய நாட்டில், தண்ணீர் சூடாக்காத நிர்வாகியை மட்டும் குற்றஞ்சொல்வது நியாயமல்ல.

ஆனால் சூட்டுக்குப் பதிலாகக் கிளோரினை நம்புகிறவர் அதன் குணத்தை அறிந்திருக்க வேண்டும். மலம் படிந்த விரிப்பில் நேரே ஊற்றினால் அந்த அழுக்கிலேயே அது செலவாகிவிடும். சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். மலத்தை அகற்றி, அலசி, சவர்க்காரம் போட்டுத் துவைத்த பிறகே கிளோரினுக்கு வேலை. ஆச்சியின் நிறச் சேலைக்கு அதுவும் ஆகாது, சாயம் போய்விடும்.

சூடும் கிளோரினும் இல்லாமலே சிரங்குக்குச் செலவு குறைந்த வழி உண்டு. உடலை விட்டுப் பிரிந்த சிரங்குப் பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. துவைக்க முடியாத கம்பளியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். அதே நாளில் முதியவர்களுக்கும் பணியாளருக்கும் மருந்து பூசாவிட்டால் அதுவும் வீண்.

பெரிய ஆபத்து துவைப்பதற்கு முன்னரே இருக்கிறது. ஈர விரிப்பை உதறி, மார்போடு அணைத்து, சமையலறை வழியே கொண்டுபோய், நிலத்தில் கொட்டிப் பிரித்து, மடித்த துவாயை அதே கூடையில் திருப்பிக் கொண்டுவந்தால் எந்தச் சூடும் காப்பாற்றாது. அழுக்கு உள்ளே போகுமாறு கட்டிலருகிலேயே சுருட்டிப் பையில் போடவும், இரண்டு நிறக் கூடைகள் வைக்கவும், கை கழுவவும் மின்சாரம் தேவையில்லை.

துடக்குத் துணியை வேறாக்கிய நம் வழக்கத்தில் பிரித்துவைக்கும் அறிவு இருந்தது. அந்த ஆபத்து முழுவதையும் சலவைத் தொழில் செய்த ஒரு சமூகத்தின் கையில் தள்ளிவிட்ட கொடுமையும் இருந்தது. இன்று அது குறைந்த சம்பளத்துக்கு, கையுறை கூட இல்லாமல் வேலை செய்யும் பெண்ணின் கை. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதியோர் இல்லங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். பார்வையிட வருபவர் பின்வளவுக்கும் போகட்டும். பணியாளரின் உடுப்பை யார் துவைக்கிறார்கள் என்று கேட்கட்டும். அதே உடுப்போடுதான் அவர் பஸ் ஏறுகிறார், வீட்டில் பிள்ளையைத் தூக்குகிறார். விரிப்புகளோடு சேர்த்து அதையும் இல்லமே துவைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு, பெற்றோரை அங்கே விட்டிருக்கும் நாம் கட்டும் மாதக் கட்டணத்தில் சேரட்டும்.