தோட்டத்துச் சாளைக்குத் துப்பாக்கி தீர்வா?

2024 நவம்பர் கடைசியில், பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே 1 அன்று, ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. இரண்டு இடத்திலும் போனது நகை. இதற்குப் பிறகு நம்ம பக்கம் ஒரு கோரிக்கை பலமாகக் கேட்டது: தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள். "ஊட்டுல ஒரு துப்பாக்கி இருந்தா எவன் உள்ள வருவான்?"

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, "அப்புறம் இங்கேயும் அமெரிக்கா மாதிரி ஆயிடும்" என்பது. அது பதிலே இல்லை. கோயமுத்தூர் அபார்ட்மெண்டில், வாசலில் செக்யூரிட்டியோடு இருந்துகொண்டு (நானும் அப்படித்தான் இருக்கிறேன்) இதைச் சொல்வது ரொம்ப சுலபம். கோரிக்கையை அதன் பலமான வடிவத்தில் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தஞ்சாவூர்ப் பக்கம் வீடுகள் ஊருக்குள் நெருக்கமாக இருக்கும், வயல் வெளியே இருக்கும். கொங்கில் கிணறு எங்கேயோ அங்கேதான் வீடு. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவே ஒரு தோட்டமே கிடக்கும். முன்பு அந்த இடைவெளியில் ஆள் நடமாட்டம் இருந்தது. கடலை, பருத்தி, ராகி என்று வருஷம் பூரா வேலை, பண்ணையத்து ஆட்கள், வீடு நிறைய பிள்ளைகள். இப்போது பாதித் தோட்டம் தென்னந்தோப்பு, சொட்டுநீர். ஆள் அதிகம் வேண்டாம். வேலைக்கு வந்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரில். எழுபது வயசில் இரண்டு பேரும் ஒரு நாயும் மிச்சம்.

சட்டமும் இவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை என்கிறது 37-வது பிரிவு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சாளையில் அந்த நேரம் ஏது? 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில், தற்காப்புக்காக நீளக் குழல் துப்பாக்கிக்கும், பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கொடுக்க ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஆக, இது சட்டத்துக்குப் புறம்பான கோரிக்கை கிடையாது.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதும், கருவி வேலை செய்யும் என்பதும் வேறு வேறு. சாஃப்ட்வேரில் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைப் போடும் முன் கேட்கும் முதல் கேள்வி, தாக்குதல் எப்படி வரும் என்பது. சிவகிரி வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடம் கொலைகளிலும் தொடர்பு உண்டு என்றது போலீஸ். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளை முன்கூட்டியே நோட்டம் பார்த்தார்கள் என்பதும் போலீஸ் தரப்புதான். அதாவது நாள், நேரம், வழி எல்லாம் வருகிறவன் கையில். தூங்குகிறவர் கையில் எதுவும் இல்லை. பல்லடத்தில் நாற்பதுகளில் இருந்த மகனும் வீட்டில் இருந்தார், அப்படியும் தப்பவில்லை. லைசென்ஸ் விதிப்படி துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும். பீரோவைத் திறந்து, தோட்டா போட்டு, இருட்டில் குறி பார்க்கும்வரை எவன் காத்திருப்பான்?

பூட்டாமல் கட்டில் பக்கத்திலேயே வைத்தால்? நாய் ராத்திரிக்குப் பத்துத் தடவை குலைக்கும். காட்டுப்பன்றி, பாம்பு, மோட்டார் போட வரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் லேட்டாக வரும் பேரன். ஆயிரம் குலைப்பில் ஒன்றுகூடத் திருடனுக்காக இருக்காது. கண்பார்வை மங்கிய ஒருவர் ஒவ்வொரு தடவையும் சரியாக முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நம் நிலைமைக்கு நெருக்கமான ஒப்பீடு அமெரிக்கா இல்லை, தென்னாப்பிரிக்கா. அங்கேயும் தனித்தனிப் பண்ணை வீடுகள், அங்கேயும் தாக்குதல்கள். 2003-ல் வந்த அரசு விசாரணைக் குழு அறிக்கை, பெரும்பாலானவற்றின் நோக்கம் கொள்ளை என்றது. அங்கே பண்ணைக்காரர்கள் பலரிடம் துப்பாக்கி உண்டு. அதனால் தாக்குதல் நிற்கவில்லை. வந்தவர்கள் துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துப் போனார்கள். நகையைத் தேடி வருகிறவனுக்கு அதுவும் ஒரு நகைதான்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. நம் விவாதத்தில் அதை யாரும் தொடுவதில்லை. திருடன் வராத ராத்திரிகளிலும் துப்பாக்கி அதே வீட்டில்தான் இருக்கும். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரின் விவரங்களை வைத்துச் செய்து, 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு. 'சாகணும்னு நினைச்சவன் எப்படியும் சாவான்' என்பார்கள். இலங்கை இதைப் பொய்யாக்கியது. 1990-களின் நடுவிலிருந்து கடும் விஷமுள்ள பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. மனசு உடைந்த அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். தென்னைமரத்து மருந்து எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணையை இழந்து தனியாக இருக்கும் பெரியவரின் தலைமாட்டில் துப்பாக்கி வைக்கலாமா என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சுட்டே விட்டார், சரியாகவும் சுட்டார் என்று வையுங்கள். தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கு, தற்காப்பு உரிமைக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த முக்கியமான தீர்ப்பு. லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டவர் விடுதலையானார். சம்பவம் நடந்தது 1991, தீர்ப்பு வந்தது 2010. ஜெயித்தவர் கதையே இது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வேறு. 2024-ல் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன. அந்த எண்பது நாள் சாளைக்கு யார் காவல்?

அப்படியானால் கேட்பவர்கள் முட்டாள்களா? இல்லை. 'துப்பாக்கி கொடு' என்பதை நான், 'கூப்பிட்டா வர்றதுக்கு இங்க யாருமில்லை' என்று வாசிக்கிறேன். சிவகிரியில் என்னைத் தூங்கவிடாத விவரம் கொலை நடந்த விதம் அல்ல. நடந்து சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது என்பதுதான். சில நாள்! அந்த இடைவெளியைத் துப்பாக்கியால் அடைக்க முடியாது.

அடைக்கக்கூடிய வேலைகள் சுவாரஸ்யம் இல்லாதவை. காலையில் பால் எடுக்க வருகிறவர், இன்றைக்குப் பால் வரவில்லை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. ரோந்துப் போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம், மெயின் ரோட்டோடு நிற்காமல் தனிச் சாளைவரை போவது. நாலு சாளைக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் அலறும் ஒரு சைரன். கழுத்து நகை லாக்கருக்குப் போவது. முக்கியமாக, பழைய நகையை பில் கேட்காமல் வாங்கி உருக்கும் இடங்களைப் பிடிப்பது. சிவகிரி வழக்கில் நகையை உருக்கிக் கொடுத்ததாக ஒரு நகைக்கடைக்காரரும் கைதானார். வாங்க ஆளில்லை என்றால் பத்துப் பவுனுக்காகக் கொலை செய்ய எவனும் வரப்போவதில்லை.

உண்மையிலேயே குறிப்பிட்ட மிரட்டல் இருக்கிறவர், பயிற்சி எடுத்தவர், லைசென்ஸ் கேட்டால் கலெக்டர் ஆபீஸ் அதைத் தகுதி பார்த்து முடிவு செய்யட்டும். வருஷக்கணக்கில் இழுத்தடிக்க வேண்டாம். ஆனால் ஒரு வட்டாரத்துக்கே மொத்தமாகத் துப்பாக்கி என்பது, 'உன் காவலை நீயே பார்த்துக்கோ' என்று அரசாங்கம் கைகழுவ நாமே கொடுக்கும் வாய்ப்பு. கையெழுத்து வாங்கும்போது, லைசென்ஸ் மனுவோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள்: எங்க சாளையிலிருந்து 112-க்குக் கூப்பிட்டா எத்தனை நிமிஷத்துல வருவீங்க? அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு ஸ்டேஷனும் வெளியிடட்டும்.