நெய்தற்கரையில் ஓர் ஆண்டின் இசை

விழிஞ்ஞத்துக் கடற்கரைக்கு அணித்தாக ஒரு சிறிய குடைவரைக் கோயில் உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என ஆய்வாளர் கருதும் அக்கோயிலினுள் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் திருவுருவம் அமைந்திருக்கின்றது. புறச்சுவரிலோ, செதுக்கத் தொடங்கி முற்றுப்பெறாது நின்றுவிட்ட சிற்பங்களைக் காணலாம். ஆய் மன்னர்களின் துறைமுகமாய் விளங்கிய தொன்மை வாய்ந்த இவ்வூரில், பிழைப்பு நாடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று.

தாய்மண்ணை விட்டு வந்தவர்க்குத் திரைப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தை அறியுமுன்னரே தமிழ்ப் பாட்டை அவர்கள் அறிந்துவிடுகின்றனர். ஆதலின், ஓர் ஆண்டில் வெளிவரும் பாடல் தொகுப்புகளுள் நல்லது எது, அல்லது எது என்று ஆராய்தல் நம் வீட்டுக்குப் பாடநூல் தேர்ந்தெடுப்பதற்கு ஒப்பாகும் எனின் மிகையாகாது.

இக்கருத்தினால் உந்தப்பட்டு, 2012ஆம் ஆண்டின் முடிவில் நாம் ஒரு குறிப்பேட்டில் இரு பட்டியல்கள் எழுதிவைத்தோம். ஒன்று, உள்ளம் கவர்ந்தவை. மற்றொன்று, ஏமாற்றம் தந்தவை. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட இந்நாளில் அக்குறிப்பேட்டைப் புரட்டுங்கால், நாம் வழங்கிய தீர்ப்புகளுள் சில நிலைத்திருப்பதையும், சில நம்மையே நாணச் செய்வதையும் காண்கின்றோம். அவற்றை ஒளிவுமறைவின்றி வாசக அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளம் கவர்ந்தவை

முதற் பட்டியலின் தலைப்பில் நின்றது ஏ. ஆர். ரகுமானின் 'கடல்'. படம் 2013 பிப்ரவரி முதல் நாளில்தான் திரைக்கு வந்தது. பாடல்களோ ஏறக்குறைய இரு திங்கள் முன்னரே நம் செவிக்கு எட்டிவிட்டன. கதை அறியாது, காட்சி அறியாது, பாட்டை மட்டுமே கேட்டுத் திளைத்த நாள்கள் அவை. நமக்கு அண்டை மாவட்டமாகிய குமரியைச் சேர்ந்த ஜெயமோகன், மணிரத்னத்தோடு இணைந்து திரைக்கதை எழுதிய படம். கடலோரக் கிறித்தவ மீனவரின் வாழ்வைச் சொல்வது. விழிஞ்ஞத்தில் சிந்து யாத்திரை மாதாவின் தேவாலயத்தையும் அதன் அடியில் வலை உலர்த்தும் மக்களையும் நாள்தோறும் காணும் நமக்கு, ஆவல் மிகுந்ததில் வியப்பில்லை.

'ஏலே கீச்சான்' என்ற பாட்டை ரகுமானே பாடியிருந்தார். "கீச்சான் என்றால் என்ன?" என்று நம் இல்லத்துச் சிறுவன் வினவினான். நமக்கு விடை தெரியவில்லை. மறுநாள் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, கூடையிலிருந்து உடலில் கருங்கோடுகள் ஓடிய சிறு மீன் ஒன்றை எடுத்துச் சிறுவனின் உள்ளங்கையில் வைத்தார். அகராதியை நாடாமல் ஒரு சொல்லின் பொருளை அவன் அன்று கையால் தொட்டறிந்தான். இத்தகைய சொற்களைத் தேடி வைத்த மதன் கார்க்கிக்கு நம் நன்றி உரியது.

அதே தொகுப்பில் 'அடியே' என்ற பாட்டைக் குறித்து, "மீனவச் சிற்றூருக்கு அமெரிக்க மெட்டு பொருந்தவில்லை" என்று குறிப்பேட்டில் கடிந்து எழுதியிருக்கின்றோம். இன்று அத்தீர்ப்பைத் திரும்பப் பெறுகின்றோம். அம்மெட்டின் வேர், அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடிநின்று பாடிய கூட்டுப்பாட்டில் இருக்கின்றது. துன்புற்ற மக்கள் கோயிலில் நின்று எழுப்பிய குரல், மற்றொரு கடற்கரைக் கோயிலில் எதிரொலிப்பது முறைகேடு ஆகாது. அதனைப் பாடிய சித் ஸ்ரீராமுக்குத் திரையில் அதுவே முதற் பாட்டு. சென்னையில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்து, தாயிடம் கருநாடக இசை கற்றவர் அவர். அவருடைய தமிழ் உச்சரிப்பைக் குறை கூறியோர் பலர்; நாமும் அவர்களுள் ஒருவராக இருந்தோம். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளையொன்று தாய்மொழியில் வாய் திறக்கும்போது எழும் தடுமாற்றம் அது என்பதை, அத்தகைய பிள்ளைகளையே வளர்க்கும் நாமன்றோ முதலில் உணர்ந்திருக்க வேண்டும்!

எனினும் 'மகுடி' என்ற ராப் பாட்டு இத்தொகுப்பில் ஒட்டாமல் நிற்கின்றது என்ற நம் பழைய கருத்தில் மாற்றமில்லை.

அடுத்து நின்றவை இரண்டு. ஒன்று, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பாளராக அறிமுகமான 'அட்டகத்தி'. சென்னையின் கானா, நகைப்புக்குரிய இடைச்செருகலாக வந்துபோன வழக்கத்தை மாற்றி, கானா பாலாவின் குரலுக்குக் கதையின் நடுவே மதிப்பான இருக்கை தந்தது அத்தொகுப்பு. சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பிறந்த பாட்டு, தன் தோற்றத்தை மறைக்காமலே மெல்லிசைப் பாடல்களின் அருகில் அமர்ந்தது.

மற்றொன்று, டி. இமானின் 'கும்கி'. 2002இல் 'தமிழன்' படத்தின் வழியே அறிமுகமான இமானுக்குப் பத்தாண்டு உழைப்பின் பயனாய் இத்தொகுப்பு அமைந்தது எனலாம். யுகபாரதியின் சொற்கள் எளியவை. எளிமையாலேயே செவியில் தங்குபவை. மெட்டு சொல்லுக்கு வழிவிட்டது. வாத்தியங்கள் மெட்டுக்கு வழிவிட்டன. கேரளத்து இசைஞர் அல்போன்ஸ் ஜோசப் இதில் ஒரு பாட்டைப் பாடியிருந்தமையால், நம் மலையாள அண்டைவீட்டாரும் அதனை விரும்பிக் கேட்டனர்.

ஏமாற்றம் தந்தவை

இரண்டாம் பட்டியலில் முதலாவது, ஹாரிஸ் ஜெயராஜின் 'மாற்றான்'. 'அயன்', 'கோ' ஆகிய படங்களில் கே. வி. ஆனந்துடன் அவர் ஈட்டிய வெற்றி நம் எதிர்பார்ப்பை உயர்த்தியிருந்தது. பாடல் வெளியீட்டு விழாவும் சிங்கப்பூரில் நிகழ்ந்தமையால், கடல் கடந்த தமிழர்க்கென்றே ஒரு விருந்து படைக்கப்படுகின்றது என மகிழ்ந்தோம். உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையரின் கதை. இரு குரல், ஓர் உயிர் என எத்தனையோ இசை நுட்பங்களுக்கு இடம் தரும் கரு. தொகுப்போ அக்கருவைப் பெரிதும் பயன்கொள்ளவில்லை. பளபளப்பு உண்டு, விரைவு உண்டு. சொல் மட்டும் தாளக்கருவிகளின் அடியில் அமிழ்ந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் அப்பாடல்களுக்கு ஆடினர். ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் கேட்கவில்லை. நம் அளவில் இதனினும் பெரிய குறை வேறில்லை. இத்தீர்ப்பு இன்றும் மாறவில்லை.

இரண்டாவதாக நாம் எழுதிவைத்திருந்த பெயர் 'நீதானே என் பொன்வசந்தம்'. இங்கேதான் நாம் நாணமுற வேண்டியிருக்கின்றது. இளையராஜாவின் இசை, நா. முத்துக்குமாரின் வரிகள், புடாபெஸ்ட் இசைக்குழுவினரின் வாசிப்பு, எட்டுப் பாடல்கள். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளில் சென்னையில் வெளியிடப்பெற்ற அத்தொகுப்பைக் கேட்டவுடன், "இது நம் இளையராஜா அன்று" என எழுதினோம். தபேலாவும் புல்லாங்குழலும் எங்கே எனத் தேடினோம். எண்பதுகளில், ஊரிலிருந்து பேருந்தேறி வந்த நாள்களில், தேநீர்க்கடை வானொலியில் கேட்ட குரலை அத்தொகுப்பில் எதிர்பார்த்தோம். அது கிடைக்காததை இசையமைப்பாளரின் குற்றமாக எழுதிவிட்டோம்.

ஆண்டுகள் பல கழித்து, ஒரு மழைக்கால இரவில் மகள் 'சற்று முன்பு' என்ற பாட்டைக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க, நாமும் உடனமர்ந்து கேட்டோம். பிரிவுற்ற பெண்ணொருத்தியின் உள்ளம் அடக்கத்தில் தொடங்கி, மெல்ல மெல்லச் சினமாய் உயர்வதை இசைக்கோவை அடியொற்றிச் செல்லும் அழகு அன்றுதான் விளங்கிற்று. நாம் பழைய ஊரைத் தேடியிருக்கின்றோம். அவரோ புதிய ஊருக்குப் போய்விட்டிருக்கின்றார். ஊர்விட்டு வந்த நாமே அதனைப் பிழையெனக் கருதியது விந்தையே. முத்துக்குமார் 2016இல் மறைந்துவிட்டமையால், இத்திருத்தத்தை அவர் அறிய வாய்ப்பில்லை. 'புடிக்கல மாமு' என்ற பாட்டு மட்டும், பெயருக்கேற்ப, நமக்கு இன்றும் பிடிக்கவில்லை.

பட்டியலுக்கு வெளியே நின்றது

இரு பட்டியலிலும் சேராமல், ஓரத்தில் ஒரே வரியில் நாம் குறித்திருந்த தொகுப்பு ஒன்று உண்டு. "நீர்ப்பறவை: சொல் நன்று, இசைக்கோவை மெலிந்தது." என். ஆர். ரகுநந்தன் இசையும் வைரமுத்துவின் பாடல்களும் கொண்டு, சீனு ராமசாமி இயக்கிய படம் அது. கடலுக்குச் சென்று மீளாத கணவனுக்காகக் காத்திருக்கும் எஸ்தரின் கதை.

அப்படம் 2012 நவம்பர் 30 அன்று திரைக்கு வந்தது. சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் இக்கரையைத் தாக்கிற்று. விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் குமரிக் கடற்கரை ஊர்களிலிருந்தும் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. பெண்கள் துறைமுகத்தில் இரவும் பகலும் கடலை நோக்கியே நின்றிருந்தனர். கீச்சான் மீனைக் காட்டித் தந்த முதியவரும் தம் மகனுக்காக அங்கே நின்றார். மூன்றாம் நாள் மகன் மீண்டுவந்தான். அவர் பக்கத்தில் நின்றவர்களின் பிள்ளைகள் வரவில்லை.

அதன்பின் ஒருநாள் 'நீர்ப்பறவை'யை மீண்டும் கேட்டோம். துயரம் ஒரு பாட்டைச் சிறந்த பாட்டாக்கிவிடும் என நாம் வாதிடவில்லை. ஆயினும், மெலிவு என நாம் எழுதியது மெலிவன்று, அடக்கம் என்பதை அன்று உணர்ந்தோம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்தனர். இரங்குபவள் உரத்துப் பாடுவதில்லை. அவள் குரலைச் சுற்றி வாத்தியங்களை நிறைத்திருந்தால், காத்திருத்தலின் வெறுமை கேட்டிருக்காது. 'கடல்' கடலின் ஆரவாரத்தைப் பாடிற்று. 'நீர்ப்பறவை' கரையின் மௌனத்தைப் பாடிற்று. நெய்தலுக்கு இரண்டும் வேண்டும். ஆகவே, ஓரத்து வரியை அடித்துவிட்டு, முதற் பட்டியலின் தலைப்பில் 'கடல்' என்பதன் அருகே அப்பெயரையும் எழுதிச் சேர்த்தோம்.

இன்று விழிஞ்ஞத்தில் புதிய துறைமுகம் எழுந்து, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. பெருங்கப்பல்கள் வருகின்றன. குறுந்தகடுகள் அலமாரியில் தூசு படிந்து கிடக்கின்றன. பிள்ளைகள் கைபேசியில் ஒவ்வொரு பாட்டாகக் கேட்கின்றனர். முழுத் தொகுப்பையும் வரிசையாகக் கேட்கும் வழக்கம் அருகி வருகின்றது. அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டு முடிவில் ஒரு மாலையேனும் குடும்பத்தோடு அமர்ந்து, ஒரு தொகுப்பை முதலிலிருந்து இறுதிவரை கேளுங்கள். பிள்ளைகள் எச்சொல்லுக்குப் பொருள் கேட்கின்றனர் என்று கவனியுங்கள். உங்கள் தீர்ப்பையும் எழுதிவையுங்கள். ஆனால், குடைவரையின் புறச்சுவரைப் போல அதனை முற்றுப்பெறாததாகவே விட்டுவையுங்கள். பின்னாளில் மீண்டும் உளி எடுக்க நேரும்.