அடிப்பக்கம் கனத்த எழுத்துகள்

சில வருடங்களுக்கு முன்பு குழந்தைகளுக்கான பாட ஆப் ஒன்றில் வேலை பார்த்தேன். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன்: 'டிஸ்லெக்சியா எழுத்துரு'. தட்டினால் திரையில் இருக்கும் ஆங்கில எழுத்தெல்லாம் அடிப்பக்கம் கனத்துவிடும். ஒரு நாள் வேலைகூட இல்லை. டெமோவில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வருடம் நான் எழுதிய கோடில் எனக்கே பெருமையாக இருந்தது அது ஒன்றுதான்.

அப்போது அக்கா மகன் நான்காம் வகுப்பு. அவனுக்கு டிஸ்லெக்சியா என்று பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். அவனிடம்தான் முதலில் காட்டினேன். இரண்டு வரி வாசித்துவிட்டு, "ஏன் மாமா எல்லா எழுத்துக்கும் தொப்பை போட்டிருக்கு?" என்றான். சிரித்தோம். அடுத்த வாரம் பார்த்தால் ஸ்விட்சை அணைத்து வைத்திருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் சேர்த்தது இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டிஸ்லெக்சிக். இந்த யோசனையின் புகழ்பெற்ற வடிவம் அதற்கு முந்தையது: டிஸ்லெக்ஸி. உருவாக்கியவர் கிறிஸ்டியன் பூர், நெதர்லாந்தைச் சேர்ந்த வரைகலை வடிவமைப்பாளர். அவருக்கே டிஸ்லெக்சியா உண்டு. 2008-ல் உட்ரெக்டில் கலைப் படிப்பின் இறுதித் திட்டமாக இதை வடிவமைத்தார்.

முதலில் ஒரு வடிவமாக இதைப் பார்ப்போம், ஏனென்றால் அந்த மரியாதைக்கு இது தகுதியானது. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் 'பி'-யைக் கண்ணாடியில் காட்டினால் 'டி', தலைகீழாக்கினால் 'க்யூ'. பூர் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் எடை வைத்தார். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அதே தர்க்கம். சில எழுத்துகளைக் கொஞ்சம் சாய்த்தார், வாய்களை அகலத் திறந்தார், குச்சிகளை நீட்டினார். எழுத்துக்கும் எழுத்துக்கும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே கூடுதல் இடம் விட்டார். கண்முன் நிற்காமல் புரளும் எழுத்தைத் தரையோடு பிடித்து வைக்க ஒரு மனிதன் பட்ட பாடு அது. தன் அனுபவத்தை இவ்வளவு நேரடியாக வடிவமாக்கிய டிசைன்கள் குறைவு.

ஆனால் இது ஒரு கருவியும்கூட. அந்த வடிவத்துக்குள் ஒரு கோட்பாடு இருக்கிறது: டிஸ்லெக்சியா என்பது எழுத்து கண்ணில் புரள்வது. இந்தக் கருத்துக்கு வயது நூறு. 1925-ல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் எழுத்து தலைகீழாவதையே இந்தச் சிக்கலின் மையமாக வைத்தார். 'தாரே ஜமீன் பர்' படத்தில் நடனமாடும் எழுத்துகள் வரை அந்தப் படிமம் வந்து சேர்ந்தது. 1970-களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ எளிமையான ஒரு சோதனை செய்தார். ஹீப்ரு தெரியாத பிள்ளைகளுக்கு ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளும் சரளமாக வாசிக்கும் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்தார்கள். கண்ணில் எழுத்து புரள்வதுதான் காரணம் என்றால் அது நடந்திருக்காது. எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் என்று ஆய்வுகள் அந்தப் பக்கமாக நகர்ந்தன.

அக்கா மகன் தமிழிலும் அதே அளவு திணறினான். தமிழில் 'பி', 'டி' போன்ற கண்ணாடி ஜோடிகள் கிடையாது. அவன் மாட்டிக்கொண்டது 'கொ' போன்ற இடங்களில்: கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'க்'. அவனுடைய எழுத்துக்கு அடியில் எவ்வளவு எடை வைத்தாலும் அந்த முடிச்சு அவிழாது.

சரி, கோட்பாடு தப்பாக இருந்தாலும் மருந்து வேலை செய்யலாமே? அதையும் சோதித்துவிட்டார்கள். 2016-ல் வெளியான மரினஸ் குழுவின் ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய 39 பிள்ளைகள் டிஸ்லெக்ஸி எழுத்துருவை வழக்கமான ஏரியலை விட 7% வேகமாக வாசித்தார்கள். பிறகு ஏரியலிலும் டிஸ்லெக்ஸியில் உள்ள அதே இடைவெளிகளை வைத்தார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது. அப்படியென்றால் தொப்பைக்கு அதில் பங்கே இல்லை. 2012-ல் இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் 74 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்விலும், எழுத்துகளுக்கு நடுவே இடத்தைக் கூட்டியதுமே வாசிப்பு மேம்பட்டது.

2018-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு இன்னும் கடுமையானது. டிஸ்லெக்சியா உள்ள 170 பிள்ளைகள் இந்த எழுத்துருவில் வேகமாகவும் வாசிக்கவில்லை, பிழை குறைவாகவும் வாசிக்கவில்லை. அடுத்த கட்டச் சோதனையில் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது ஏரியலும் டைம்ஸ் நியூ ரோமனும்தான். இதில் என்னை நிறுத்திய வரி வேறு: எந்த எழுத்துரு பிடிக்கிறது என்பதற்கும் எதில் நன்றாக வாசிக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை.

ஏன் நிறுத்தியது என்றால், எங்கள் ஆப்பின் முதல் திரை. உள்ளே வந்ததும் எட்டுக் கேள்வி. முடிவில் ஒரு கார்ட்டூன் ஆந்தை வந்து சொல்லும்: 'நீ பார்த்துக் கற்பவன்', 'நீ கேட்டுக் கற்பவள்', 'நீ செய்து கற்பவன்'. நியூசிலாந்தில் நீல் ஃபிளெமிங் 1987-ல் உருவாக்கிய வார்க் கேள்வித்தாளின் பேரப்பிள்ளை அது. 2008-ல் ஹெரால்ட் பேஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இந்தத் துறையின் ஆய்வுகளை அலசினார்கள். ஒருவருடைய 'பாணி'-க்குப் பொருத்திக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று முடித்தார்கள். பிள்ளைகளுக்கு விருப்பங்கள் இருப்பது உண்மை. ஆனால் பிடித்த வழி, கற்கும் வழி என்று ஆகிவிடாது. எழுத்துரு ஆய்வு சொன்னதும் அதுதான்.

இரண்டு யோசனைகளும் நம்மை ஈர்ப்பதற்கு ஒரே காரணம். மரியாதை மாதிரித் தெரிகின்றன. 'நீ மக்கு இல்லை, வேறு மாதிரி, உனக்கென்று ஒன்று இருக்கிறது' என்று சொல்கின்றன. ஸ்கூலில் பின்பெஞ்சில் உட்கார்ந்த யாருக்கும் அந்த வாக்கியத்தின் அருமை தெரியும். ஆனால் ஆந்தை சொன்னதை நம்பி ஒரு குழந்தை, "நான் பார்த்துக் கத்துக்கிற ஆளு, பெரிய பாராவெல்லாம் எனக்கு வராது" என்று ஒதுங்கினால், அந்த மரியாதையே கதவைச் சாத்துகிறது.

இதற்கு ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. டிஸ்லெக்சியா உள்ள வாசகர் ஒருவர், "எனக்கு அந்த எழுத்துரு இதமாக இருக்கிறது, உனக்கென்ன?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இதம் சின்ன விஷயம் இல்லை. அந்த ஸ்விட்சை எடுக்கச் சொல்லவில்லை. என் சண்டை அதற்குக் கொடுத்த பெயரோடு. 'டிஸ்லெக்சியா எழுத்துரு' என்று பெயர் வைத்ததும், பிரச்சினை கவனிக்கப்பட்டுவிட்டது என்ற நிம்மதி பள்ளிக்கு வருகிறது, பெற்றோருக்கு வருகிறது, எனக்கும் வந்தது. எழுத்துருவுக்குச் செலவு கிடையாது. எழுத்தையும் ஒலியையும் ஒவ்வொன்றாகக் கோத்து, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் பயிற்சி பெற்ற ஆசிரியருக்குச் செலவு உண்டு. மலிவானது கைக்கு வந்ததும், செலவு பிடிப்பதைப் பற்றிப் பேச்சு நின்றுவிடுகிறது.

வடிவமைப்பாளர்கள் இதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் அமைப்பு வளர்த்தெடுத்த 'கற்றலுக்கான பொது வடிவமைப்பு' இதைத்தான் வேறு திசையிலிருந்து அணுகுகிறது. பிள்ளைகளை வகை பிரிக்காதே; பல வழிகளை எல்லோருக்கும் திறந்து வை. யார் எதை எடுத்துக்கொள்வது என்பது பாடத்துக்குப் பாடம், நாளுக்கு நாள் மாறலாம். இதையும் சிலர் ஆந்தையின் புதுப் பெயராக்கிவிடுகிறார்கள் என்பது தனிக்கதை.

பூரின் வடிவத்தில் வேலை செய்த பகுதி இடைவெளி. அதற்கு நோயின் பெயரே தேவையில்லை. அதனால் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் 'எழுத்து இடைவெளி' என்று ஒரு ஸ்லைடர் போட்டேன், எல்லோருக்கும். தமிழில் முதல் முயற்சியிலேயே உதைத்தது: கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியாக நகர்ந்து நின்றன. ஆங்கிலத்துக்கு ஒரு நாள்கூட ஆகாத வேலை, தமிழுக்கு இரண்டு வாரம் பிடித்தது. டெமோவில் யாரும் கைதட்டவில்லை. ஆந்தையை எடுத்துவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். அதைப் பிள்ளைகள் விரும்பி முழுசாக முடிக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். நான் அங்கிருந்து வரும்வரை ஆந்தை இருந்தது.

அக்கா மகன் இப்போது ஏழாம் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள் சிறப்பாசிரியர் ஒருவர் அவனோடு உட்காருகிறார். மற்ற நாட்களில் அக்கா. மெதுவாகத்தான் வாசிக்கிறான், ஆனால் வாசிக்கிறான். போன தீபாவளிக்குப் போனபோது ஒருவழியாகக் கேட்டேன், அன்றைக்கு ஏன் அதை அணைத்தாய் என்று. கொஞ்சம் யோசித்தான். "பக்கத்துல உக்கார்ந்தவன் பார்த்துட்டு, இது என்னடா உனக்கு மட்டும்னு கேட்டான் மாமா" என்றான்.