'சாப்பாடு சரியில்லை': சொல்வது யார்?

ஓட்டல் விமர்சனம் என்றொரு எழுத்துவகை தினசரிகளின் இணைப்புகளில் கொழுத்து வளர்ந்திருக்கிறது. நாக்கைத் தனிநபர் சொத்தாகப் பாவிக்கும் எழுத்து அது. நாக்குக்கும் வர்க்கம் உண்டு என்பதை பியர் பூர்தியு 1979லேயே பிரெஞ்சுத் தரவுகளை வைத்துக் காட்டிவிட்டார். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் அதற்குத் தரவுகூட வேண்டாம், போர்டுகளைப் படித்தாலே போதும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கிய பின் வந்தவை கொரிய எழுத்துப் பலகைகள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான். பக்கத்திலேயே ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்குப் பரோட்டாக் கடை.

அங்கே புதிதாகத் திறந்த, பாரும் உள்ள ஓட்டல் ஒன்றில் நண்பர்களோடு சாப்பிட்டேன். கிம்ச்சி நன்றாகவே இருந்தது; புளிப்பு ஏறியும் மொறுமொறுப்பு போகவில்லை. தோயென்ஜாங் என்கிற புளித்த சோயாக் குழம்புதான் ஏமாற்றம். சர்க்கரை தூக்கல், நாற்றத்தை மழுங்கடித்திருந்தார்கள். நாற்றமில்லாத தோயென்ஜாங், கருவாடு போடாத கருவாட்டுக் குழம்பு மாதிரி. சர்வரிடம் சொன்னோம். மன்னிப்புக் கேட்டு வேறு கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான்.

சிவப்பு ஒயினை ஐஸ் தண்ணி மாதிரிக் குளிரவைத்துத் தந்தார்கள். கிம்ச்சியோடு சேர்ந்து கசந்தது. (2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுக்கும்வரை நம் ஊர்க் கடைகள் பலவற்றில் 'ஒயின்ஸ்' என்றுதான் போர்டு, உள்ளே கேட்டால் பிராந்தி.) இந்தச் சாப்பாட்டுக்கு ஜோடி ஒயின் அல்ல, மக்கொல்லி. சோற்றைப் புளிக்கவைத்து வடிகட்டும் கலங்கல் மது. ஜப்பானியக் காலனி ஆட்சி 1916இன் மதுவரிச் சட்டத்தால் கொரிய வீடுகளில் அதன் கழுத்தை நெரித்தது. 1995இல்தான் வீட்டில் செய்வது மறுபடி சட்டப்படியானது. 2021இல் கொரிய அரசு அதன் செய்முறையைத் தேசிய மரபுச் செல்வமாகவே அறிவித்துவிட்டது.

நம் குப்பத்துச் சுண்டக்கஞ்சியும் புளித்த சோறுதான். அதற்கு வாய்த்தது ருசி விமர்சகன் இல்லை, 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டமும் அதைப் பிடித்துக்கொண்டு வரும் போலீசும். எந்தப் புளிப்பு பண்பாடு, எந்தப் புளிப்பு குற்றம் என்பதை நாக்கு தீர்மானிப்பதில்லை.

அதே 2021, டிசம்பர் மாசம். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் பூட்டும் பெண்களின் விடுதியொன்றில் சாப்பாடு விஷமானது. 250க்கு மேல் உடம்பு கெட்டது, 150க்கு மேல் ஆஸ்பத்திரியில். ஒரே அறையில் பலர் தரையில் படுத்துக் கிடந்த விடுதிகள் அவை. 'சாப்பாடு சரியில்லை' என்று சொல்ல அந்தப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார வேண்டியிருந்தது. போலீஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போனது. நாம் சொன்ன அதே வாக்கியம்தான். ஆனால் அவர்கள் வாயில் அது விமர்சனம் ஆகவில்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆனது. விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று 29ஆம் தேதி ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஆலை 2022 ஜனவரி 12இல் மறுபடி திறந்தது.

ஒயினின் குளிர்ச்சியை அளக்கத் தெரிந்த நம் ருசி எழுத்தாளர்கள் இந்த மெஸ்களுக்கும் போகலாம். குத்தகை யாருக்கு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள், பாத்திரம் கழுவத் தண்ணி எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்கு வடித்த சோறு எத்தனை மணிக்குத் தட்டில் விழுகிறது?