எவர் முகம் பார்த்துக் கற்பிப்பது?

பயிற்சி ஆசிரியர் ஒருவர் பாடசாலையிற் கழிக்கும் முதல் நாட்களை வெறும் சடங்காகக் கருதுவோர் பலர். அவர் எவர் பக்கம் நிற்பார் என்பது அந்நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகின்றது என்பது நமது கருத்து.

1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியக் கல்வியியற் கல்லூரிகள், ஈராண்டு வதிவிடப் படிப்பின் பின் ஓராண்டுக் கட்டுறுப் பயிற்சி என்ற முறையை வகுத்தன. கொள்கையை நடைமுறையில் உரைத்துப் பார்க்கும் நல்ல ஏற்பாடு அது. ஆயினும், பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் எதனை அவதானிக்கின்றார்? கரும்பலகை எழுத்தை, குரலின் ஏற்றத்தாழ்வை, மணியடிக்கும் நேரத்தை. அருகிலிருக்கும் பிள்ளை காலையில் உண்டதா, கொப்பியின்றி வந்தது ஏன் என்பவற்றுக்குப் பாடக்குறிப்பில் இடமில்லை. பின்னர் அவர் கற்பிக்கும்போதும் மதிப்பீட்டாளரின் முகம் பார்த்தே பாடம் நடக்கின்றது. பிள்ளைகள் வெறும் பார்வையாளராகின்றனர்.

ஏட்டுக் கல்வி முதல் நாட்களிற் கைகொடாமற் போவது புதிதன்று. 1920 இல் உக்ரேனின் பொல்தாவாவுக்கு அருகே இளங்குற்றவாளிகளின் குடியிருப்பைப் பொறுப்பேற்ற அன்ரன் மக்கரென்கோவுக்கும் கல்வியியல் நூல்கள் வழிகாட்டவில்லை. பிள்ளைகளோடு வாழ்ந்து உழைத்தே அவர் தம் முறையைக் கண்டார். தமது தடுமாற்றங்களையும் மறையாது எழுதினார். நமது பயிற்சிப் பதிவேடுகளோ தடுமாற்றத்தை ஒளிக்கவே பழக்குகின்றன. ஒளிக்கப் பழகியவர் நாளை அதிகாரத்தின் முன் உண்மை பேசுவாரா?

முதல் வாரத்திலேயே பிள்ளைகளின் வீட்டையும் பெற்றோரின் தொழிலையும் அறிந்துவரப் பயிற்சியாளரை அனுப்புவோம். புள்ளியிடுவது பிறகு ஆகட்டும்.