கலாசாலையில் துப்பாக்கி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், உரிமம் பெற்றவர்கள் அரசுப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல இடமளிக்கும் சட்டம் 2016 ஓகஸ்ட் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அதே நாளில், அம்மாநிலப் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிய ஒருவன் கீழே நடமாடியவர்களைச் சுட்டுக் கொன்றான். சட்டம் இயற்றியவர்களின் மனத்தை அந்த நாள் உறுத்தவில்லை போலும்!

நல்லவன் கையிலும் துப்பாக்கி இருந்தால் தீயவன் அஞ்சுவான் என்பது அவர்கள் வாதம். இதனை ஏளனத்தால் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. 2007 ஏப்ரல் 16இல் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர், வகுப்பறையில் நீரியல் கற்பித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். அவரிடம் ஓர் ஆயுதம் இருந்திருந்தால் என்று ஏங்குவோரின் துயரம் பொய்யன்று. அவர்கள் காணும் பரிகாரமே பொய்.

நல்லவன் யார் என்று தீர்ப்பவன் யார்? இக்கேள்வியை எழுப்ப மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தனி உரிமை உண்டு. 1900 முதல் 1949 வரை இலங்கையில் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை இருந்தது. அதில் வெள்ளையர்க்கு மட்டுமே இடம். பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் துரை சுடப் பயின்றவனாகவும் இருந்தான். எதிரே கொழுந்துக்கூடையுடன் நின்றவளை எவரும் அப்பயிற்சிக்கு அழைக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானான். அவ்வாண்டிலேயே ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், தாமே ஒரு சபையைத் தேர்ந்து, அதனைக் கலந்தே காரியம் நடத்தத் துரையை இணங்கவைத்தனர். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் பறித்துவிட்டனர். பின்னர் பொலிஸ் அடக்குமுறையே வென்றது என்பது வேறு கதை.

அது அந்நியர் ஆட்சிக்காலம் என்பர் சிலர். அவர்கள் பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவவுக்கு வரட்டும். அங்கே புனர்வாழ்வு முகாமில் அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்களையும் சிறுவர்களையும் 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் காலையில் கத்தியும் தடியும் ஏந்திய கும்பல் தாக்கியது. அப்போது அங்கே ஏறத்தாழ அறுபது ஆயுதப் பொலிசார் இருந்தனர். 25க்கும் மேற்பட்டோர் மாண்டனர். துப்பாக்கிக்கு அங்கே என்ன பஞ்சம்? 2003இல் இரு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் மேன்முறையீட்டில் அனைவரும் விடுதலையாயினர்.

டெக்சாஸ் சட்டத்தை எதிர்த்து மூன்று பேராசிரியைகள் நீதிமன்றம் சென்றனர். துப்பாக்கி மறைந்திருக்கும் வகுப்பறையில் சர்ச்சைக்குரிய பொருளைப் பேசவே நா எழாது என்பது அவர்கள் முறையீடு. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2018இல் அதைத் தள்ளிவிட்டது. எழுத்தையும் பேச்சையும் தொழிலாகக் கொண்ட நமக்கு இம்முறையீடே விவாதத்தின் உயிர்நிலை.

நம் நாட்டிலும் 2011இல், பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவரைத் தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரால் இராணுவ முகாம்களுக்கு அனுப்பினர். பேராசிரியரை மறுத்துப் பேசப் பழகவேண்டிய பருவத்தில் முதற்பாடம் கட்டளைக்குப் பணிதல்! பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு லயன் அறையிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று கொள்வோம். துரையின் முன் வாய் திறவாத மூன்று தலைமுறைக்குப் பின் வருபவள் அவள். விரிவுரையின் நடுவே எழுந்து, "ஐயா, இது எனக்கு உடன்பாடில்லை" என்று அவள் சொல்லவேண்டும். அடுத்த இருக்கையில் இருப்பவனின் சட்டைக்குள் என்ன இருக்கிறதென்று அவள் எண்ணிப்பார்க்க நேர்ந்தால், எழுவாளா?